பட்டாளத்திலிருந்து மேடை நகைச்சுவைக்கு: சித்தப்பாவின் ஆசை நடக்குமா?

கேள்வி: என் சித்தப்பாவுக்குப் பென்னாகரம் பக்கம். பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்திருக்கிறார். வயது 38. வீட்டு விசேஷம் என்றால் அவரைச் சுற்றித்தான் கூட்டம் உட்காரும், அப்படிச் சிரிக்க வைப்பார். இப்போது ஸ்டாண்ட்-அப் காமெடி செய்யப் போவதாகச் சொல்கிறார். சித்தி அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ராணுவத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து நிலைத்தவர்கள் யாராவது உண்டா? தர்மபுரியில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா?

பதில்:

நடக்கும். வயது, ஊர் இரண்டையும் நினைத்துத்தான் வீட்டில் பயப்படுவார்கள் என்று நினைக்கிறேன். அந்த இரண்டும் சமாளிக்கக் கூடியவை. ராணுவத்திலிருந்து வந்து மைக் பிடிக்கிறவர்களுக்கு உண்மையில் இடைஞ்சலாக இருப்பது ஜனங்கள் கொடுக்கும் மரியாதை. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

நானும் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவன்தான். பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் பயிற்சி மையமான எம்இஜி சென்டர், எங்களை ராணுவம் முழுக்க ‘தம்பி’ என்றுதான் கூப்பிடும். வெளியே வந்தபின் ஓசூரில் நண்பர்களோடு சேர்ந்து சின்னதாக ஒரு தமிழ் ஓப்பன் மைக், அதாவது பேர் கொடுத்த யாரும் ஏறிப் பேசலாம் என்ற மேடை, நடத்துகிறோம். எக்ஸ்-சர்வீஸ்மேன் ஒருவர் பேர் கொடுத்தால் எனக்குத் தனிச் சந்தோஷம், கூடவே கொஞ்சம் கவலையும் வரும். காரணம் போகப் போகத் தெரியும்.

முதலில் உங்கள் முதல் கேள்வி. நிலைத்தவர்கள் உண்டா என்றால், உலகத்தில் நிறையவே உண்டு. எனக்கு மிகவும் பிடித்தவர் பிரிட்டனின் நகைச்சுவைக் கலைஞர் ஸ்பைக் மில்லிகன். 1918-ல் மகாராஷ்டிரத்தின் அகமத்நகரில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்ததால் சிறுவயது இந்தியாவிலும் பர்மாவிலும் கழிந்தது. இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் கன்னர். வட ஆப்பிரிக்காவில் அவருடைய படை சுட்ட பெரிய பீரங்கி ஒன்று, சுட்ட வேகத்தில் பின்னால் உதைத்துக்கொண்டு மேட்டிலிருந்து கீழே போய் விழுந்தது. கீழே வேறொரு படைப்பிரிவு தங்கியிருந்தது. மில்லிகன் அங்கே போய் எட்டிப் பார்த்து, யாராவது ஒரு பீரங்கியைப் பார்த்தீர்களா என்று கேட்டாராம். அங்கே இருந்த ஹாரி சீக்கோம் என்ற சிப்பாய், என்ன கலர் என்று திருப்பிக் கேட்டாராம். இரண்டு பேரும் பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை இது. போர் முடிந்ததும் இந்த இரண்டு பேரோடு பீட்டர் செல்லர்ஸும் சேர்ந்தார். அவரும் விமானப்படையில் இருந்து, இந்தியா, சிலோன், பர்மா என்று சிப்பாய்களுக்கு நிகழ்ச்சி நடத்தியவர். மூவரும் சேர்ந்து 1951 முதல் 1960 வரை பிபிசி வானொலியில் நடத்திய நகைச்சுவை நிகழ்ச்சியின் தாக்கம் இன்னும் அங்கே இருக்கிறது.

அமெரிக்காவில் ராப் ரிகிள். மரைன் படையிலும் அதன் ரிசர்விலுமாக 23 வருடம் இருந்து லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றவர். விமானி ஆகப் பயிற்சிக்குச் சேர்ந்தவர், நகைச்சுவைக்காக அதை விட்டார், ஆனால் படையை விடவில்லை. ரிசர்வில் இருந்துகொண்டே மேடையும் டிவியும் செய்தார். ஜார்ஜ் கார்லின் நேர் எதிர். விமானப்படையில் ரேடார் டெக்னீஷியன், மூன்று முறை கோர்ட் மார்ஷல் ஆகி, 1957-ல் வெளியே அனுப்பப்பட்டவர். படையில் இருக்கும்போதே உள்ளூர் வானொலியில் பேச ஆரம்பித்துவிட்டார். ஒழுங்கான சிப்பாயும் வந்திருக்கிறார், உருப்படாத சிப்பாயும் வந்திருக்கிறார். உங்கள் சித்தப்பா எந்த வகை என்று எனக்குத் தெரியாது. ஹவில்தார் வரை போனார் என்றால் முதல் வகையாகத்தான் இருக்க வேண்டும்.

ராணுவத்திலிருந்து இத்தனை பேர் வந்தது தற்செயல் இல்லை. அங்கே எதற்கெடுத்தாலும் காத்திருக்க வேண்டும். வரிசையில் நிற்கும் ஃபால்-இன்னுக்கு, லங்கர் என்ற சமையல்கூடத்தில் சாப்பாட்டுக்கு, லீவு சேங்ஷனுக்கு, ரயிலுக்கு. அத்தனை பேர் ஒரே இடத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்தால், ஒருவன் வாய் திறந்தாக வேண்டும். மேலே இருப்பவரை எதிர்த்துப் பேச முடியாது, அதனால் அவரைப் போலப் பேசிக் காட்டுவான். மிமிக்ரி பிறக்கும் இடம் அதுதான். அப்புறம் படா கானா. அதிகாரிகளும் ஜவான்களும் ஒன்றாகச் சாப்பிடும் அந்த ராத்திரியில் பாட்டும் நாடகமும் இருக்கும். கமாண்டிங் ஆபீசர் எதிரிலேயே சுபேதார் சாபைப் போல நடந்து காட்டலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். மறுநாள் காலை பரேடில் கொஞ்சம் கூடுதலாக ரகடா என்ற தண்டனைப் பயிற்சி கிடைக்கலாம், அது வேறு கதை. உங்கள் சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், படா கானா மேடையில் ஏறியிருப்பார். ஏறாமல் இந்த ஆசை வராது.

ஆக, தொண்டையும் தைரியமும் அங்கேயே பழகிவிட்டது. பிறகு ஏன் சிக்கல்?

படா கானாவில் உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேருக்கும் எல்லாம் தெரியும். லங்கர் பருப்பு என்றால் என்ன, குவார்ட்டர் மாஸ்டர் எப்படிப்பட்டவர், காலை ஐந்து மணி விசில் எப்படிக் காதில் ஏறும் என்று விளக்கவே வேண்டாம். பெயரைச் சொன்னாலே சிரிப்பு. சிவிலில் அப்படி இல்லை. இங்கே கூட்டத்துக்கு ராணுவத்தைப் பற்றித் தெரிந்தது சினிமாவில் பார்த்தது மட்டும். தெரியாததை விளக்க ஆரம்பித்தால் ஜோக் வகுப்பாகிவிடும். விளக்காமல் விட்டால் புரியாது. இது முதல் இடறல், பயிற்சியில் சரியாகிவிடும்.

இரண்டாவதுதான் பெரியது. ஓசூரில் எங்கள் மேடையில் நடந்ததைச் சொல்கிறேன். காவேரிப்பட்டினம் பக்கத்து முன்னாள் ஹவில்தார் ஒருவர் வந்திருந்தார். நல்ல விஷயம் வைத்திருந்தார். பனிமலை போஸ்டில் கழிவறைக்குப் போவது எவ்வளவு பெரிய ஆபரேஷன் என்று ஐந்து நிமிடம். என்னிடம் தனியாகச் சொன்னபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். அன்று தொகுத்து வழங்கிய பையன் நல்ல மனதோடு ஒரு காரியம் செய்தான். “அடுத்து வரப்போகிறவர் நம் நாட்டைக் காத்த ராணுவ வீரர். எல்லோரும் எழுந்து நின்று மரியாதை செலுத்துவோம்” என்றான். எழுந்து நின்றார்கள். ஒருவர் பாரத் மாதா கீ என்று குரல் கொடுத்தார், மற்றவர்கள் ஜே போட்டார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் மைக்கைப் பிடித்து, “எனக்கு வயிறு சரியில்லாமப் போச்சுங்க” என்று ஆரம்பிக்கிறார். ஒரு சத்தம் இல்லை. சிரித்தால் தேசத்துக்கு அவமரியாதை ஆகிவிடுமோ என்று ஒவ்வொரு முகத்திலும் ஒரு பயம். இரண்டு நிமிடம் தாக்குப் பிடித்தார், அப்புறம் கழிவறையை விட்டுவிட்டு இளைஞர்களுக்கு அறிவுரை சொல்லி முடித்தார். பயங்கரக் கைத்தட்டல். கீழே இறங்கி வந்து, “சார், இன்னைக்கு நான் காமெடி பண்ணல, கொடி ஏத்திட்டு வந்துட்டேன்” என்றார். அதைத்தான் மேடையில் சொல்லியிருக்க வேண்டும்.

நம் மாவட்டங்களில் இது இன்னும் கூடுதல். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் எந்த ஏரிக்கரைக்குப் போனாலும் ஒரு நடுகல் நிற்கும். ஆநிரை மீட்கச் செத்தவன், ஊரைக் காக்கச் செத்தவன். தர்மபுரி அருங்காட்சியகத்திலும் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் வரிசையாக வைத்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். வீரன் என்றால் கல்லாக்கிக் கும்பிட்டே பழகிய மண். உயிரோடு இருக்கும் ஹவில்தாரையும் அதே போலத்தான் பார்க்கிறது. கல் ஜோக் சொன்னால் யார் சிரிப்பார்கள்?

அதனால் சித்தப்பாவுக்கு என் முதல் யோசனை: அறிமுகத்தில் ராணுவம் என்ற சொல்லே வரக்கூடாது என்று தொகுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பென்னாகரத்திலிருந்து வருகிறார் என்று மட்டும் சொன்னால் போதும். மேலே போய், தன்னை முதலில் ஒரு சாதாரண மனிதனாகச் சிரிக்க வைத்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸைப் பற்றி, மாமியார் வீட்டைப் பற்றி, முடிவெட்டிக்கொள்வதைப் பற்றி. இரண்டு சிரிப்பு வாங்கியபின் பட்டாளத்துக்குள் போகலாம். சிரித்துப் பழகிய கூட்டம் அதற்குப் பிறகு விறைப்பாக உட்காராது.

சீருடை வேண்டவே வேண்டாம். மரியாதைப் பிரச்சினை ஒருபக்கம் இருக்கட்டும், சட்டப் பிரச்சினையும் இருக்கிறது. படைவீரர் என்று மற்றவர்களை நம்பவைக்கும் எண்ணத்தோடு சிவிலியன் அந்த உடையை அணிவது குற்றம். 2022 ஜனவரியில் அறிமுகமான புதிய போர்க்களச் சீருடையின் வடிவமைப்பை ராணுவம் தன் பெயரில் பதிவும் செய்திருக்கிறது. ஓய்வு பெற்றவர் காமெடி மேடைக்காக அதைப் போட்டுக்கொண்டு நின்றால் பழைய யூனிட்காரர்களே முதலில் திட்டுவார்கள். ஒரு சட்டை, ஒரு பேன்ட் போதும்.

இரண்டாவது யோசனைக்கு நம் ஊர்க் கூத்தைப் பார்க்கச் சொல்வேன். திரௌபதி அம்மன் கோவில் பாரதத் திருவிழாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். துரியோதனன் வேஷம் திரைக்குப் பின்னாலிருந்து வந்து, நான் யார் தெரியுமா என்று முழங்குவான். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் பக்கத்தில் நின்றுகொண்டு, “அதெல்லாம் சரிங்க ராஜா, சாப்டீங்களா?” என்பான். கூட்டம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது, யாரோடு சேர்ந்து சிரிக்கிறது என்று கவனித்தால் இந்தத் தொழிலில் பாதி புரிந்துவிடும். முன்னாள் ராணுவத்தினர் பெரும்பாலோர் மேடையில் ராஜா வேஷத்தோடு ஏறுகிறார்கள். சித்தப்பா தன் கதைக்குத் தானே கட்டியக்காரனாக இருக்க வேண்டும். துப்பாக்கி தூக்கிய கதையைவிட, ராத்திரி சென்ட்ரி டியூட்டியில் மாட்டைப் பார்த்து ‘ஹால்ட்’ சொன்ன கதைதான் வேண்டும்.

குரலை உயர்த்தவும் வேண்டியதில்லை. தகடூர் என்ற இந்தத் தர்மபுரியில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே அதற்கு ஒரு பாடம் இருக்கிறது. அதியமானின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். அவன் தன் ஆயுதக் கொட்டிலைத் திறந்து பெருமையாகக் காட்டுகிறான். ஔவையார் சொன்னது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. உன் ஆயுதங்களுக்கு மயில்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, அழகாகக் காவலில் வைத்திருக்கிறாய். எங்கள் ஆளுடையது பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது. அவ்வளவுதான். முகத்தில் சிரிப்பே இல்லாமல், பாராட்டுவது போலவே சொல்லி, எதிரில் இருப்பவனை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார். ராணுவத்தில் பழகிய உணர்ச்சி காட்டாத முகம் இதற்கென்றே செய்தது மாதிரி. அதை மாற்றிக்கொண்டு டிவி காமெடியன்கள் போல உடம்பை ஆட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி எழுதும் வேலை. இதில்தான் நேரம் போகும். ஒரு உதாரணம் காட்டுகிறேன். எங்கள் மேடைக்கு வரும் ஒரு கிருஷ்ணகிரிக்காரர், அவரும் பட்டாளம், முதலில் எழுதி வந்தது இது: “2025 ஜூனில் ஸ்ரீநகருக்கே ரயில் விட்டுட்டாங்க. செனாப் ஆத்துக்கு மேல 359 மீட்டர் உயரத்துல பாலம் கட்டிட்டாங்க. எங்க கிருஷ்ணகிரிக்கு இன்னும் ரயில் இல்லை. இது நியாயமா?” கைத்தட்டல் வந்தது, சிரிப்பு வரவில்லை. விஷயம் உண்மை. கிருஷ்ணகிரிக்கு ஒருகாலத்தில் திருப்பத்தூரிலிருந்து சின்ன ரயில் ஓடியது, பின்னாளில் தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள், இன்றுவரை மாவட்டத் தலைநகருக்கு ரயில் இல்லை. ஆனால் அவர் சொன்ன விதத்தில் அது மனு. கலெக்டரிடம் திங்கட்கிழமை கொடுக்க வேண்டியது.

உட்கார்ந்து பேசினோம். ராணுவத்தில் சேரும்போது ஒவ்வொருவரின் ஆவணத்திலும் என்ஆர்எஸ் என்று ஒரு கட்டம் இருக்கும், வீட்டுக்குப் பக்கத்து ரயில் நிலையம் எது என்று எழுத வேண்டும். அது அவருக்கு நினைவு வந்தது. மாற்றி எழுதினார்: “கிளார்க் கேட்டார், என்ஆர்எஸ் என்னடா? இல்ல சாப்னேன். கிராமமா? ஜில்லா ஹெட்குவார்ட்டர்ஸ் சாப். அப்ப நீ எப்படிடா இங்க வந்தே? நடந்து வந்தேன் சாப். அப்படியா, இவனை இன்ஃபன்ட்ரியில போடு.” இங்கே நிறுத்தி மூச்சு விடுவார். “இப்ப ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் வந்தாச்சு. லீவு முடிஞ்சு திரும்பிப் போறதுக்கு எல்லா வசதியும் பண்ணிட்டாங்க. வீட்டுக்கு வர்றதுக்குத்தான்…” வாக்கியத்தை முடிக்கவே விடாமல் சிரித்தார்கள். செய்தி அதேதான். முதலில் நீதி கேட்டார், அடுத்த முறை கிளார்க் முன்னால் அசடு வழிய நின்றார். என்ஆர்எஸ் என்னவென்று தனியாக விளக்கவும் இல்லை, உரையாடலிலேயே புரிந்துவிட்டது. இந்த மாதிரி ஒவ்வொன்றையும் உடைத்து உடைத்து எழுத வேண்டும். வீட்டு விசேஷத்தில் பத்து நிமிடம் பேசுவது மேடையில் ஒன்றரை நிமிடமாகச் சுருங்கும், அதைப் பார்த்து மனம் விடக்கூடாது.

கேன்டீன் பாட்டில் ஜோக்கை மட்டும் தொட வேண்டாம். சொந்தக்காரன் ரம் கேட்டு வருவதைப் பற்றிப் பேசாத முன்னாள் படைவீரர் யாரும் இல்லை.

எதைப் பேசக்கூடாது என்பது அவருக்கே தெரிந்திருக்கும். ஓய்வு பெற்றாலும் அலுவல் ரகசியச் சட்டம் கூடவே வரும், அதனால் இடம், எண்ணிக்கை, கருவி எதுவும் வேண்டாம். கூட இருந்தவர்களின் பெயரை மாற்றிவிட வேண்டும். இறந்துபோன தோழனைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பார்கள். பேசலாம், அவன் வீட்டார் முன்வரிசையில் இருந்தாலும் சொல்லக் கூடியதாக இருந்தால். ஊர் மேடையில் சாதி, கட்சி இரண்டிலும் வாய் வைக்காமல் இருப்பது நல்லது. நம் பக்கத்தில் அது ஜோக்கோடு முடியாது.

எங்கே ஆரம்பிப்பது? தர்மபுரியிலிருந்து ஓசூர் பஸ்ஸில் வந்துவிடலாம், அங்கிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். பெங்களூரில் இந்திராநகர், கோரமங்களா பக்கம் ஓப்பன் மைக்குகள் நிறைய நடக்கின்றன. ஆங்கிலமும் இந்தியும் கன்னடமும் அதிகம், தமிழும் உண்டு. நான்கைந்து நிமிடம் கொடுப்பார்கள், கடைசி நிமிடத்தில் விளக்குக் காட்டுவார்கள், காட்டியதும் இறங்கிவிட வேண்டும். நேரத்தை மதிப்பதில் நம் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது, அதற்காகவே திரும்பக் கூப்பிடுவார்கள். பணம் கிடைக்காது, சில இடங்களில் நாம்தான் கொடுக்க வேண்டியிருக்கும். பதினேழு வருடம் பட்டாளத்தில் பேசிய இந்தி சும்மா கிடக்க வேண்டாம். தமிழன் பேசும் பட்டாளத்து இந்தியே பெங்களூரில் தனிச் சரக்கு. ஆனால் முதல் ஒரு வருடம் தமிழில் மட்டும் எழுதட்டும்.

காசு வருவது வேறு இடத்தில். ஓசூர் சிப்காட் கம்பெனிகளின் குடும்ப விழா, கல்லூரி விழா, திருமண வரவேற்பு, கோவில் திருவிழாப் பட்டிமன்றம். பட்டிமன்றத்தைக் கேவலமாக நினைக்க வேண்டாம், ஆயிரம் பேரைத் திறந்தவெளியில் சிரிக்க வைக்கக் கற்றுக்கொடுக்கும் இடம் அதுதான். ஜனவரி 26-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் நிறையப் பேர் கூப்பிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் உரை. போகலாம், பேசலாம், சால்வையும் வாங்கலாம். அதைக் காமெடிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

சித்தப்பாவுக்கு இருக்கும் பெரிய வசதி பென்ஷன். பதினைந்து வருடம் முடித்ததால் மாதம் பிறந்தால் ஒரு தொகை வந்துவிடும். சென்னையிலும் பெங்களூரிலும் இந்தத் தொழிலில் இருக்கும் பையன்கள் வாடகைக்காகக் கண்ட நிகழ்ச்சியையும் ஒப்புக்கொள்கிறார்கள், அவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2022-க்குப் பிறகு அக்னிவீரராகச் சேர்ந்தவர்களுக்கு இந்த வழி இப்படித் திறந்திருக்காது. நான்கு வருடத்தில் பெரும்பாலோர் பென்ஷன் இல்லாமல் வெளியே வருவார்கள், அவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும். ஆனாலும் பென்ஷன் வீட்டுக்கு உரியது. பேங்க் காவலாளி வேலையோ வேறு பகல்நேர வேலையோ ஒன்று கூட இருந்தால் சித்தியின் கோபம் பாதி குறையும். இரண்டு வருடம் காசை எதிர்பார்க்காமல் இருக்க முடிந்தால் இறங்கலாம். முடியாதென்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்யட்டும், அதிலும் ஒரு குறையும் இல்லை.

ஒன்றைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும். மில்லிகன் 1944 ஜனவரியில் இத்தாலியின் மான்டே கசினோவில் காயப்பட்டார். குண்டு வெடித்த அதிர்ச்சி மனதைத் தாக்கியது, பதவியும் பறிபோனது. வாழ்நாள் முழுக்க மனநோயோடு போராடினார், மேடை அதைக் குணமாக்கவில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு நகைச்சுவை வகுப்பே நடத்தும் அமைப்பு 2015 முதல் இருக்கிறது, நல்ல முயற்சிதான், கூட்டாளிகள் கிடைப்பார்கள். ஆனால் தூக்கம் வராதது, திடீர்க் கோபம், குடி என்று ஏதாவது இருந்தால் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ் மூலம் மருத்துவரைப் பார்ப்பது தனி வேலை, 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம். உள்ளே ஆறாத விஷயத்தை மேடைக்குக் கொண்டுவரக் கூடாது. கூட்டத்துக்கு அது உடனே தெரிந்துவிடும்.

கடைசியாகச் சித்தி. பதினேழு வருடம் பிள்ளைகளையும் நிலத்தையும் மாமனார் மாமியாரையும் அவர் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இனி வீட்டோடு இருப்பார் என்று நினைத்தபோது மனிதர் பெங்களூர் பஸ் ஏறப் பார்க்கிறார். கோபம் வராமல் என்ன செய்யும்? சித்தப்பா தன் முதல் ஐந்து நிமிடத்தை எழுதி முடித்ததும் சித்தியிடம்தான் முதலில் படித்துக் காட்ட வேண்டும். அவரைப் பற்றி வரும் வரி எதுவானாலும் அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். லீவில் வந்தவர் வீட்டிலும் ஃபால்-இன் போட்டது, பால் பாக்கெட்டுக்கு ரோல் கால் எடுத்தது என்று சித்தியிடம் இருக்கும் கதைகள் நிச்சயம் அவருடையதைவிட நன்றாக இருக்கும். கேட்டு எழுதிக்கொள்ளட்டும், எங்கள் மேடையில் அவருக்கு ஐந்து நிமிடம் உண்டு. சித்தியும் வருவதாக இருந்தால் பத்து.